ஊசிக் குத்தல் பதிவேடு: எக்செல் போதுமா?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் செவிலியர், துப்புரவுப் பணியாளர் யாருக்காவது நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகக் குத்திவிட்டால் எக்செலில் எழுதி வைக்கிறோம். ஆறு வாரம் கழித்து யார் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. ரெட்கேப் மென்பொருள் உதவுமா?
– தொற்றுக் கட்டுப்பாட்டு செவிலியர், மதுரை

பதில்: நிச்சயம் உதவும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2004-ல் மருத்துவ ஆய்வுகளுக்குத் தகவல் திரட்டுவதற்காக உருவாக்கியது இது. லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சொந்த சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும்.

படிவத்துக்காகச் சிகிச்சை ஒருபோதும் காத்திருக்கக் கூடாது. குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் முதல் வேளையை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. 72 மணி நேரம்தான் எல்லை. பிறகு 28 நாள் தொடர வேண்டும்.

பதிவேட்டில் ஆளுக்கு ஒரு பதிவு என்று வைக்காதீர்கள், குத்தலுக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை குத்தும்போது பழைய பரிசோதனைத் தேதிகளோடு குழம்பாது. குத்திய நேரம், முதல் மருந்து போட்ட நேரம் இரண்டையும் தேதியோடு கேளுங்கள். இடைவெளியை மென்பொருளே கணக்கிடும். குத்திய தேதியிலிருந்து 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என நினைவூட்டல் மின்னஞ்சல் போகும்படி ‘அலர்ட்ஸ்’ பகுதியில் அமைத்துவிடலாம். குத்திய உடனே எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனையைக் கட்டாயக் கேள்வியாக்குங்கள். அது இல்லாவிட்டால், பின்னாளில் தொற்று வந்தாலும் வேலையில்தான் வந்தது என்று அந்த ஊழியரால் நிரூபிக்க முடியாது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எந்த ஊசி குத்தியது என்ற கேள்வியின் விடைகளுக்கு 1 சிரிஞ்சு ஊசி, 2 காயத்துக்குத் தையல் போடும் ஊசி என்று எண் கொடுத்திருப்பீர்கள். நடுவில் கேன்யுலாவை (ரத்தக் குழாயில் செருகும் ஊசிக்குழல்) சேர்க்கிறேன் என்று எண்களை மாற்றினால், பழைய தையல் ஊசிக் குத்தல்கள் எல்லாம் கேன்யுலாவாகிவிடும். புதிய விடைக்கு எப்போதும் புதிய எண்ணே கொடுங்கள். படிவத்தை முயன்று பார்க்கப் போட்ட பதிவுகளை நீக்கி ‘புரொடக்‌ஷன்’ என்னும் நிஜப் பயன்பாட்டு நிலைக்கு மாற்றிய பிறகே உண்மையான பதிவைத் தொடங்குங்கள்.

கேள்வி: பெயர் வெளியே தெரியும் என்று பயந்து பலர் சொல்வதே இல்லை. இந்தத் தகவலை ஆய்வுக்கும் எடுக்கலாமா?
– முதுநிலை மருத்துவ மாணவர், திருச்சி

பதில்: அந்தப் பயம் நியாயமானது. பெயர், கைபேசி எண், பணியாளர் எண் மூன்றையும் ‘ஐடென்டிஃபையர்’ (ஆளை அடையாளம் காட்டும் தகவல்) என்று குறித்து, ஆய்வு செய்பவருக்கு அவை நீக்கப்பட்ட பிரதியை மட்டும் பதிவிறக்கும் உரிமை கொடுங்கள். அப்படிப் பதிவிறக்கும்போது கையால் தட்டச்சு செய்த குறிப்புகளும் நீக்கப்பட்டுவிடும். ஆகவே எப்படிக் குத்தியது என்பதைத் தேர்வு விடைகளாகவே கேளுங்கள்: மூடியைத் திரும்பப் போடும்போது, குப்பைப் பையைத் தூக்கும்போது என்பதுபோல. நிர்வாகத்துக்கும் மேலதிகாரிக்கும் வார்டு வாரியான எண்ணிக்கை போதும். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள். ஊழியரிடம் சம்மதம் கேட்பவர் அவருடைய மேலதிகாரியாக இருக்கக் கூடாது.