எலும்புக் குழலில் சத்தமே வரவில்லை, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் நண்பர் வசந்த கால வான்கோழி வேட்டைக்கு என்னையும் அழைத்திருக்கிறார். வான்கோழியின் இறக்கை எலும்பில் செய்த 'விங்போன்' அழைப்புக் குழல் ஒன்றை ஆன்லைனில் 85 டாலருக்கு வாங்கினேன். எவ்வளவு ஊதியும் வெறும் காற்றுதான் வருகிறது. விற்றவரோ குழலில் குறையே இல்லை என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: முதலில் ஊதுவதை நிறுத்துங்கள். விங்போனை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெல்லிய முனையை உதடுகளுக்கு நடுவில் லேசாக வைத்து, குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி காற்றைச் சட்டென்று உள்ளே இழுங்கள். உதடு அதிர்ந்து, பெட்டை வான்கோழி கூப்பிடும் 'யெல்ப்' சத்தம் வரும். அகன்ற முனையில் கைகளைக் குவித்துத் திறந்து மூடினால் அது இன்னும் இயல்பாகக் கேட்கும். பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்பதால் ஆரம்பத்திலேயே மனம் தளர வேண்டாம்.

உறிஞ்சியும் வரவில்லையென்றால், அகன்ற முனையை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு மறுமுனையில் உறிஞ்சுங்கள். காற்று வரவே கூடாது. வந்தால் மூட்டில் எங்கோ கசிகிறது, அது செய்தவரின் குறை. இந்தக் குழலின் உயிரே மூட்டுகளில்தான் இருக்கிறது. இறக்கையின் முன்பகுதியிலுள்ள மெல்லிய எலும்பைப் பக்கத்திலுள்ள தடித்த எலும்புக்குள்ளும், அதைத் தோளை ஒட்டிய பெரிய எலும்புக்குள்ளும் செருகிப் பசையிட்டு, மேலே நூல் சுற்றுவார்கள். நூல் வேலைப்பாடும் செதுக்கிய படமும் விலையைத்தான் ஏற்றும், கசிவை நிறுத்தாது.

எலும்புதானா என்ற சந்தேகம் இருந்தால் நடு எலும்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இறகுகள் பற்றியிருந்த இடத்தில் சின்னச் சின்ன முண்டுகள் ஒரே வரிசையில் இருக்கும். சிலர் அவற்றைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் எலும்புதான் என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி பணம். எலும்பென்று சொல்லி வேறு எதையோ அனுப்பியிருந்தால், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். சொன்ன பொருள் வரவில்லை என்பதைச் சட்டம் ஏற்கிறது. தரம் சரியில்லை என்பது வேறு வகை. பொருள் 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கியது உங்கள் மாநிலத்துக்குள்ளோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும் என்று பொதுவாக வரம்பு வைத்திருக்கிறார்கள். கசிவு மட்டும்தான் குறை என்றால், மூட்டைத் திரும்பப் பசையிட்டுத் தரச் சொல்லுங்கள். கைத்தொழில்காரர்களிடம் சண்டையை விட இதுவே சீக்கிரம் பலிக்கும்.

அடுத்த முறை வாங்குமுன் அந்தக் குழலிலேயே வாசித்த ஒலிப்பதிவைக் கேளுங்கள். வேறு குழலின் பதிவு வேண்டாம்.

கேள்வி: தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வாங்கும் வான்கோழியின் எலும்பில் நானே செய்துகொள்ளலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் வருபவை சில மாதமே வளர்ந்த பறவைகள், எலும்பு முற்றியிருக்காது. ஓவன் அடுப்பில் வெந்தது இன்னும் நொறுங்கும். நண்பரிடம் காட்டு வான்கோழியின் இறக்கையைச் சமைக்காமல் கேளுங்கள். மெல்லிய எலும்பு என்பதால் பெட்டையைத்தான் பலரும் விரும்புவார்கள். ஆனால் உங்கள் மாநிலத்தில் வசந்த காலத்தில் தாடியுள்ள (மார்பில் தொங்கும் இறகுக் கற்றை, பெரும்பாலும் சேவலுக்குத்தான் இருக்கும்) பறவையைத்தான் சுடலாம், பெட்டைக்கு இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டும். சேவல் எலும்பிலும் குழல் வரும், குரல் சற்றுக் கனமாக இருக்கும்.

சதையை நீக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் மெல்லிய கொதியில் வேகவையுங்கள். இரு முனையையும் நுண்ரம்பத்தால் அறுத்து, மஜ்ஜையைக் கம்பியால் முழுக்க எடுத்துவிடுங்கள். கொழுப்பு தங்கினால் மஞ்சளாகி நாறும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ப்ளீச் எலும்பையே அரித்துவிடும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம், எலும்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: வேட்டைக்குச் சில வாரமே இருக்கிறது. வேறு எதை வாங்கலாம்?

பதில்: மரப்பெட்டி அழைப்பான். 1897இல் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் காப்புரிமை பெற்ற வகை. மூடியைப் பெட்டியின் விளிம்பில் தேய்த்தால் போதும், அன்றைக்கே சத்தம் வரும். மழையில் நனைந்தால் மட்டும் மக்கர் செய்யும்.