‘ராஜினாமா பண்ணு, இல்லைன்னா அடுத்த படம் வரும்’: புகார் கொடுத்தால் பதவி போய்விடுமா?

கேள்வி: நான் தென் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் கவுன்சிலர். 2022-ல் பெண்கள் வார்டில் நின்று ஜெயித்தேன். குடிநீர் இணைப்புக்குக் கணக்கில் வராத பணம் வாங்குவதைப் பற்றி மன்றக் கூட்டத்தில் கேட்டேன். அடுத்த வாரமே என் முகத்தை வேறு ஒரு உடம்பில் ஒட்டிய அசிங்கமான படம் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அப்புறம் தெரியாத நம்பரிலிருந்து, ‘ராஜினாமா பண்ணு, இல்லைன்னா அடுத்த படம் வரும்’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். கணவர் விட்டுவிடு என்கிறார். போலீசுக்குப் போனால் பதவிக்குச் சிக்கல் வரும் என்று கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் படத்தை எல்லா இடத்திலும் அழித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: போகாது. புகார் கொடுத்த காரணத்துக்காகக் கவுன்சிலர் பதவி பறிபோகும் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. அப்படி ஒரு பிரிவு இருந்தால் எனக்குக் காட்டச் சொல்லுங்கள் என்று அந்தக் கட்சிக்காரர்களிடமே கேளுங்கள், அதோடு பேச்சு நின்றுவிடும்.

பதவி போக வேறு ஒரு வழி இருக்கிறது, உங்களை அந்த வழியில்தான் தள்ளப் பார்க்கிறார்கள். தொடர்ந்து மன்றக் கூட்டத்துக்கு வராமல் இருக்கும் உறுப்பினரின் பதவியைப் பறிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. படம் போட்டவனுக்கு நீங்கள் ராஜினாமா எழுதித் தந்தாலும் சரி, கேவலமாக இருக்கிறது என்று நான்கு மாதம் வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் சரி, வேலை முடிந்தது. அதனால் காய்ச்சலாக இருந்தாலும் கூட்டத்துக்குப் போங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள், முடிந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, எந்தக் காரணத்துக்காகவும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே கட்சியில் யாராவது வாங்கி வைத்திருந்தால் (சீட் கொடுக்கும்போதே வாங்கி வைக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்) இன்றைக்கே செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் நேரில் வந்து கொடுக்காத எந்த ராஜினாமா கடிதமும் என்னுடையது இல்லை என்று இரண்டு வரி போதும். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

அடுத்து அந்த 40,000 ரூபாய் ஆசாமி. கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட. வாட்ஸ்அப்பில் போன படம் ஒவ்வொருவர் போனிலும் இறங்கிவிடும், அதை வெளியிலிருந்து அழிக்க எவனாலும் முடியாது, அவன் சைபர் எக்ஸ்பர்ட் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தாலும் முடியாது. என்னிடம் வந்த ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவர் இப்படி மூன்று தவணையாகப் பணம் கொடுத்தார். அழித்துவிட்டேன் என்று அந்த ஆள் சொன்ன மறுவாரமே ‘புதுசா ஒன்னு வந்திருக்கு மேடம், இதுக்குத் தனி சார்ஜ்’ என்றான். புதிதாக வந்ததை அனுப்பியவன் யார் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? இதே வகையறாவில் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கையில் மைக்கோடு, செய்தி போடாமல் இருக்க விளம்பரம் கேட்பவர். இன்னொருவர் இரு தரப்புக்கும் வேண்டியவர், சமாதானம் பேசி வைக்கிறேன் என்று மண்டபத்துக்குக் கூப்பிடுபவர். இரண்டாமவர்தான் ஆபத்து. அவர் பேசி வைப்பது சமாதானம் இல்லை, நீங்கள் மன்றத்தில் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்க வைப்பது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் மாதிரி இடங்களில் படம் வந்திருந்தால் எடுக்க வைப்பது இலவசம். ஒட்டு வேலை செய்த ஆபாசப் படம் என்று படத்தில் இருப்பவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த ஐ.டி. விதிகளிலேயே இருந்தது, 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். அந்தந்த ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்யலாம். ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்று ஒரு இலவசத் தளமும் இருக்கிறது; படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை, உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி அடையாளம் உருவாகும், அந்த அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதே படம் மறுபடி ஏறாமல் தடுக்கப் பார்க்கும்.

இப்போது போலீஸ். போவதற்கு முன் ஒன்று: குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், ‘பாருங்க என்னைப் பற்றி என்ன போட்டிருக்காங்க’ என்று தோழிக்குக்கூட அந்தப் படத்தை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பிய நம்பர், தேதி, நேரம், குரூப் பெயர் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முடிந்தால் இன்னொரு போனால் உங்கள் போன் திரையை வீடியோவாகவும் எடுங்கள். அந்த வாய்ஸ் மெசேஜ் தங்கம் மாதிரி. வேலையை விட வைக்க மிரட்டினான் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பழி போடுவேன் என்று மிரட்டுவதற்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது. ஆதாரச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஐயாயிரம் கேட்கும் ஆட்களும் உண்டு, இந்தக் கட்டத்தில் அதெல்லாம் தேவையில்லை, அசல் போன் பத்திரமாக இருந்தால் போதும்.

புகாரை எழுதிக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம், அதில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. 1930-க்கு அடிக்கச் சொல்வார்கள், அது முக்கியமாகப் பண மோசடிக்கான நம்பர். கணவர் கூட வரட்டும், ஆனால் பேச வேண்டியது நீங்கள். கவுன்சிலர் வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார் என்று பதிவானால் வழக்கு அப்போதே பாதி செத்துவிடும். இந்த மாதிரிக் குற்றங்களில் உங்கள் புகாரைப் பெண் போலீஸ்தான் எழுதி வாங்க வேண்டும். பிறகு விசாரணைக்கு என்று ராத்திரி ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்கு வா என்றால் போக வேண்டியதில்லை, பெண்ணை அவர் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும்.

அங்கே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம் மேடம், பார்த்துக்கலாம்’ என்று ஒரு ரசீது கொடுப்பார்கள். அது புகார் வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். இல்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டாகிவிட்டது என்று இரண்டு வருடம் நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013-லேயே சொல்லிவிட்டார்கள். புதுச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் வைத்துவிட்டார்கள்: மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாமாம். அந்த 14 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் புகார் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். இழுத்தடித்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அந்த மனுவுக்கு மட்டும் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார். ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதித் தரச் சொன்னால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஆள் சிக்கினாலும் அன்று சாயங்காலமே டீக்கடையில் நிற்பான், அதிர்ச்சி ஆகாதீர்கள். ஆபாசப் படம் பரப்புவதற்கான ஐ.டி. சட்டம் 67-வது பிரிவு, முதல் தடவை என்றால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் பிரிவு. வழக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று ஊரே பேசும், பேசட்டும். நான் ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன் என்பவர்களையும் புகாரில் சேருங்கள். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு கேவலமான பதிவை 2018-ல் பகிர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ. எஸ்.வி. சேகரும் நான் எழுதவில்லை, பகிர்ந்தேன், அவ்வளவுதான் என்றுதான் சொன்னார். அந்த வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் 2023-ல் மறுத்தது, 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறை விதித்தது. ஆறு வருடம் ஆனது, அது வேறு கதை. குரூப் அட்மின் மேல் மட்டும் கோபத்தைத் திருப்பாதீர்கள், அவரும் இதில் கைகோத்தார் என்று காட்ட முடிந்தால் ஒழிய நிற்காது.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். நீங்கள் பட்டியல் சாதியா, பழங்குடியா? அப்படியென்றால் கதையே வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(எம்) என்று ஒரு பிரிவு 2016 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஊராட்சியிலோ நகராட்சி, பேரூராட்சியிலோ உறுப்பினராகவோ தலைவராகவோ இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. ஒருவரை மிரட்டியோ தடுத்தோ வேலை செய்யவிடாமல் செய்தால் அதுவே குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்க வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். தப்பு, இந்தப் பிரிவுக்கு அது தேவையே இல்லை. 14 நாள் விசாரணை என்ற சாக்கும் இங்கே செல்லாது, இந்தச் சட்டத்தில் முதல்கட்ட விசாரணையே வேண்டாம் என்று 2018 திருத்தம் சொல்கிறது. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. ஆனால் கவனியுங்கள்: மிரட்டியவரும் எஸ்.சி. அல்லது எஸ்.டி. என்றால் இந்தச் சட்டம் வராது. நீங்கள் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம் என்றால், சான்றிதழில் பி.சி. என்று இருக்கும், அப்போதும் வராது, தெற்கே இதில் வழுக்கி விழுந்த வழக்குகள் நிறைய. குடும்பத்தில் அண்ணனுக்கு எஸ்.சி. என்றும் தங்கைக்கு பி.சி. என்றும் சான்றிதழ் இருக்கும் வீடுகளும் உண்டு, எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம், வழக்கு பலமாக இருக்கட்டும் என்று நடக்காத வசையை நடந்ததாகச் சேர்த்து எழுதித் தரும் ஆட்கள் வருவார்கள், நிவாரணத் தொகையில் பங்கு கேட்பவர்களும் அவர்களேதான். ஒரு பொய் வரி போதும், குறுக்கு விசாரணையில் மீதி உண்மை முழுவதையும் அதுவே தின்றுவிடும். கடலூர் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020-ல் வெளியே வந்தபோது அந்த ஒரு படமே பேசியது, அதற்கு மசாலா தேவைப்படவில்லை.

நீங்கள் வேறு சமூகம் என்றால் உங்களுக்கு இப்படி ஒரு பிரிவு கிடையாது. எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் இடம் இது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் போட்டார்கள், கைதட்டினோம். 1997 ஏப்ரலில் மதுரை வில்லாபுரத்தில் தண்ணீருக்காக நின்ற கவுன்சிலர் லீலாவதியை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றது யாருக்கும் நினைவில்லையா? பெண் என்பதால் அரசியலை விட்டு விரட்டுவதைத் தனிக் குற்றமாக்க அதற்குப் பிறகும் நமக்குத் தோன்றவில்லை. பொலிவியாவில் ஹுவானா கிஸ்பே என்ற கவுன்சிலர் 2012 மார்ச்சில் கொல்லப்பட்டார். அதே வருடம் மே மாதம், பெண்களை அரசியலை விட்டு விரட்டுவதைக் குற்றமாக்கும் 243-ம் எண் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ராஜினாமா செய்யச் சொல்லி அழுத்தம் கொடுப்பதையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கேயும் தண்டனை கிடைத்தவர்கள் சொற்பம்தான். ஆனால் நம் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆபாசம், மிரட்டல், அவமதிப்பு என்று துண்டு துண்டாக வெட்டி நான்கு பிரிவில் போட வேண்டியிருக்கிறது, அவன் எதற்காகச் செய்தான் என்பது எஃப்.ஐ.ஆரில் எங்கேயும் வராது.

அதை நீங்கள்தான் வர வைக்க வேண்டும். புகாரின் முதல் பாராவில் படத்தைப் பற்றி எழுதாதீர்கள், கூட்டத்தைப் பற்றி எழுதுங்கள். இந்தத் தேதியில் மன்றக் கூட்டம், இந்தக் கேள்வி கேட்டேன், இத்தனையாவது நாள் படம் வந்தது, இத்தனையாவது நாள் ராஜினாமா மிரட்டல் வந்தது என்று வரிசையாக. நீங்கள் கேட்டது கூட்டத்தின் மினிட்ஸில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பல ஊர்களில் ஏற்றுவதே இல்லை. ஏறவில்லை என்றால் குடிநீர் இணைப்புக் கேள்வியை இப்போது எழுத்தில் செயல் அலுவலரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி, அதையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.