பெயர் சொல்லிக் கொடுத்த ஆர்கியுமென்டுக்குப் பின்னால் பெயரில்லாமல் கொடுத்தால் பைத்தான் ஏன் திட்டுகிறது?

நீங்கள் கேட்டது இது: பைத்தானில் ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது நடுவில் ஒரு மதிப்பை (ஆர்கியுமென்ட் என்பது இதுதான்) மட்டும் பெயர் சொல்லிக் கொடுத்தீர்கள், அடுத்ததை வெறுமனே கொடுத்தீர்கள், "பொசிஷனல் ஆர்கியுமென்ட் ஃபாலோஸ் கீவேர்ட் ஆர்கியுமென்ட்" என்று எரர் வந்தது. அதையே அறைத் தோழர் கோட்லின் என்ற இன்னொரு நிரல் மொழியில் எழுதினால் சத்தமில்லாமல் ஓடுகிறது. தப்பு யார் மேல்?

யார் மேலும் இல்லை. பைத்தானில் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அந்த அழைப்பு முடிகிற வரைக்கும் பெயர் சொல்லியே ஆக வேண்டும், கோட்லின் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அவ்வளவுதான் பதில். ஆனால் இந்த விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் ஒரு அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை தயார் செய்யும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்து, இன்றுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். (ஃபங்ஷன் என்று நான் சொல்வது நிரலில் வருவது. கல்யாண ஃபங்ஷனும் வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பைத்தான் 3-ல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் கீழே இருக்கும் அழைப்புகளை அப்படியே தட்டிப் பார்க்கலாம். ஃபங்ஷனின் தலைப்பு இப்படி என்று வையுங்கள்:

பத்திரிகை(மணமகன், மணமகள், நாள், மண்டபம்="மணமகள் இல்லம்", பிரதி=500)

ஐந்து பெட்டிகள். முதல் மூன்றையும் நிரப்பியே ஆக வேண்டும், கடைசி இரண்டும் டிஃபால்ட், சொல்லாவிட்டால் ஏற்கெனவே எழுதியிருப்பது நிற்கும். அழைக்கும்போது பெயரில்லாத மதிப்புகள் இடமிருந்து வலமாகப் பெட்டிகளில் விழும், அப்புறம் பெயர் சொன்னவை அந்தந்தப் பெட்டியைத் தேடிப் போகும். இப்போது உங்கள் மாதிரி ஒரு அழைப்பு:

பத்திரிகை("குமரன்", மணமகள்="செல்வி", "வைகாசி 12")

நம் கண்ணுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை, மூன்றாவதாக இருப்பது நாள் என்று யாருக்கும் புரியும். சரி, இதைப் பாருங்கள்:

பத்திரிகை("குமரன்", பிரதி=300, "செல்வி", "வைகாசி 12")

"செல்வி" எழுதியிருக்கும் வரிசையில் மூன்றாவது, அப்படியென்றால் நாள் பெட்டியில் போக வேண்டுமா? இல்லை, பெயரில்லாதவற்றில் இரண்டாவது என்பதால் மணமகள் பெட்டிக்கா? இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம் என்று பைத்தான் முதல் அழைப்பையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. 2020-ல் வந்த பிஎச்பி மொழியின் 8.0 பதிப்பில் பெயரிட்ட ஆர்கியுமென்ட் வந்தபோது அதுவும் இதே கண்டிப்போடுதான் வந்தது.

கோட்லினும் முன்பு கண்டிப்பாகத்தான் இருந்தது. 2020-ல் வந்த 1.4-க்கு முந்தைய பதிப்பில் உங்கள் தோழர் இதை எழுதியிருந்தால் பெயரிட்டதையும் இடத்தால் கொடுப்பதையும் கலக்கக் கூடாது என்று கம்பைலர் நிறுத்தியிருக்கும். 1.4-லிருந்து, பெயர் சொன்ன மதிப்பு அதற்குரிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும் பின்னால் பெயரில்லாதது வரலாம். ஆகவே மேலே உள்ள முதல் அழைப்பு மாதிரி எழுதினால் அங்கே ஓடும், இரண்டாவது ஓடாது. சி ஷார்ப் மொழியிலும் இதே கதை: 2010-ல் 4.0-வோடு பெயரிட்ட ஆர்கியுமென்ட் வந்தபோது சி.எஸ். 1738 என்ற எரர் எண்ணோடு மறுத்தது, 2017-ல் 7.2 வந்தபோது இடம் சரியாக இருந்தால் போகட்டும் என்று விட்டது. இடம் மாறினால் இப்போதும் சி.எஸ். 8323.

உங்கள் எரரில் இன்னொன்றைக் கவனித்தீர்களா? நிரலின் முதல் வரியில் இருந்த பிரிண்ட் கூட வந்திருக்காது. இது சின்டாக்ஸ் எரர், கோப்பு மொத்தத்தையும் பைத்தான் உள்ளுக்குள் ஓட்டும் பைட்கோடாக மாற்றும்போதே விழுந்துவிடும், ஒரு வரியும் ஓடாது. பைத்தானுக்குக் கம்பைலரே இல்லை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவரிடம் இதைக் காட்டலாம், ஆனால் இன்டர்னல் மார்க் போட்டு முடிக்கட்டும். அழைப்பில் வரும் மற்ற தப்புகள் பெரும்பாலும் பைத்தானில் டைப் எரர், அந்த வரிக்கு வந்து சேரும்போதுதான் வெடிக்கும். கோட்லினிலும் சி ஷார்ப்பிலும் அவையும் கம்பைல் செய்யும்போதே மாட்டிக்கொள்ளும்.

அந்த மற்ற தப்புகளில் "காட் மல்டிபிள் வேல்யூஸ் ஃபார் ஆர்கியுமென்ட்" முக்கியமானது. ஒரே பெட்டிக்கு இரண்டு பேர் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்:

பத்திரிகை("குமரன்", "செல்வி", "வைகாசி 12", மணமகன்="குமரன்")

முதல் "குமரன்" ஏற்கெனவே மணமகன் பெட்டியில் போய்விட்டார், அப்புறம் பெயர் சொல்லி இன்னொரு முறை. இதை யார் எழுதுவார்கள் என்று நினைக்காதீர்கள். கிளாஸுக்குள் மெத்தட் (அதற்குள் இருக்கும் ஃபங்ஷன்) எழுதும்போது, ஆப்ஜெக்டை வாங்கிக்கொள்ளும் செல்ஃப் என்ற முதல் பெட்டியைப் போட மறந்துவிட்டு, வெளியிலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் இதே எரர்தான் வரும், ஏனென்றால் நாம் எழுதாமலே அந்த ஆப்ஜெக்ட் முதல் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை முதல் தடவை பார்த்து ஒரு மத்தியானம் முழுக்க விழித்திருக்கிறேன்.

பெயரைத் தப்பாக அடித்தால் "அன்எக்ஸ்பெக்டட் கீவேர்ட் ஆர்கியுமென்ட்". தமிழில் பெயர் வைத்தவனுக்கு இது நன்றாக வேண்டும். மூன்று சுழி ண போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன போட்டு மனமகன் என்று அடித்திருக்கிறேன், திரையில் பத்து தடவை படித்தும் கண்ணில் படவில்லை, பைத்தான்தான் சொல்லிக் கொடுத்தது. 3.13-லிருந்து இப்படி விழும்போது நெருங்கிய பெயர் இருந்தால் "நீங்கள் சொல்வது இதுவா" என்று கேட்கவும் செய்கிறது.

ஃபங்ஷனை எழுதும்போதே செய்யும் தப்பு வேறு வகை. டிஃபால்ட் உள்ள பாராமீட்டருக்கு (நான் பெட்டி என்று சொன்னது) பின்னால் டிஃபால்ட் இல்லாததை வைத்தால் பைத்தான் ஒத்துக்கொள்ளாது. பழைய பதிப்புகளில் "நான்-டிஃபால்ட் ஆர்கியுமென்ட் ஃபாலோஸ் டிஃபால்ட் ஆர்கியுமென்ட்" என்று வரும், 3.12-ல் வாசகத்தை மாற்றிவிட்டார்கள், இரண்டும் ஒன்றுதான். சி ஷார்ப்பில் இது சி.எஸ். 1737. கோட்லின் அனுமதிக்கும், ஆனால் அந்த டிஃபால்ட்டை அப்படியே விட வேண்டுமானால் அழைக்கும்போது பின்னால் இருப்பதைப் பெயர் சொல்லித்தான் நிரப்ப வேண்டியிருக்கும். சி++ அனுமதிக்காது. அதோடு ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெடர் கோப்பில் ஒரு முறை டிஃபால்ட் எழுதிவிட்டு ஃபங்ஷனின் உடலை எழுதும் இடத்திலும் அதையே எழுதினால், மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும் எரர்.

சி++, ஜாவா பக்கம் போகும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே பெயரிட்ட ஆர்கியுமென்டே கிடையாது. பைத்தான் பழக்கத்தில் அழைப்புக்குள் பிரதி=300 என்று எழுதினால் அது ஒரு அசைன்மென்ட், அதாவது ஒரு மாறியில் (வேரியபிள்) மதிப்பைப் போடுவது. அந்தப் பெயரில் மாறி இல்லையென்றால் எரர் வரும், பிழைத்தீர்கள். அதே பெயரில் ஒரு மாறி பக்கத்தில் இருந்தால் கம்பைலர் வாயே திறக்காது, மாறியின் மதிப்பை 300 ஆக்கிவிட்டு அந்த 300-ஐ எது அடுத்த பெட்டியோ அதில் போட்டுவிட்டுப் போகும்.

நான் அவமானப்பட்டதும் இப்படி எரரே வராத ஒன்றில்தான்.

பத்திரிகையின் அடியில் உறவினர் பெயர்களைப் போடுவோம் இல்லையா, தாய்மாமன், பெரியப்பா வகையறா, சில வீட்டில் அதுவே அரைப் பக்கம் வரும். அதற்காக உறவினர்=[] என்று காலிப் பட்டியலை டிஃபால்ட்டாக வைத்து, படிவத்தில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாக அதில் சேர்த்தேன். சோதித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. மாதக்கணக்கில் சரியாகத்தான் வந்தது. சித்திரைக் கடைசியில், வைகாசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவிந்த நேரம், ஒரே நாளில் காலையில் நெல்லிக்குப்பத்து வீட்டுப் பத்திரிகையும் மத்தியானம் வில்லியனூர் வீட்டுப் பத்திரிகையும் தயாரானது. அவசரத்தில் புரூஃபை யாரும் கீழ்வரை படிக்கவில்லை. வில்லியனூரில் நானூறு பத்திரிகைக்கும் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது பெண்ணின் பெரியம்மா ஒன்றை எடுத்துப் படித்திருக்கிறார்.

அச்சக அண்ணன் எனக்குப் போன் போட்டார்: "தம்பி, நெல்லிக்குப்பத்துத் தாய்மாமன் யாருன்னு கேக்குறாங்க. அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமனே கிடையாதாம்."

நடந்தது இதுதான். பைத்தானில் டிஃபால்ட் மதிப்பு, ஃபங்ஷனை அறிவிக்கும் அந்த ஒரு தடவை மட்டுமே உருவாகும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதுக் காலிப் பட்டியல் வரும் என்று நான் நினைத்தேன், அது முதலில் உருவான அதே பட்டியலையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தது. காலையில் சேர்த்த நெல்லிக்குப்பத்துச் சொந்தங்கள் மத்தியானமும் அதில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை மாட்டாததற்குக் காரணம், ஒரு நாளைக்கு ஒரு பத்திரிகை, ராத்திரி கணினியை அணைத்துவிடுவார்கள், மறுநாள் பட்டியல் காலி. கோட்லினில் டிஃபால்ட் ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகக் கணக்கிடப்படும், சி ஷார்ப்பில் டிஃபால்ட் என்பது கம்பைல் நேரத்து மாறிலியாக இருக்க வேண்டும், புதுப் பட்டியலை எழுதினாலே சி.எஸ். 1736 என்று தடுத்திருக்கும். நானூறு பத்திரிகைக்கான அட்டையும் மறு அச்சும் என் கணக்கில்தான் போனது, பெரியம்மாவிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன், காபி கொடுத்தார்.

மாற்றியது சின்ன விஷயம்தான். டிஃபால்ட்டை நன் என்கிற வெற்று மதிப்பாக வைத்து, உள்ளே வந்ததும் அது நன் என்றால் புதுப் பட்டியல் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறேன். டிஃபால்ட் இடத்தில் இன்றைய தேதியைக் கணக்கிட்டு வைத்தாலும் இதே ஆபத்துதான், நிரல் தொடங்கிய நாளிலேயே உறைந்து நிற்கும்.

கூடவே தலைப்பில் ஒரு நட்சத்திரக் குறியும் சேர்த்தேன்:

பத்திரிகை(*, மணமகன், மணமகள், நாள், மண்டபம்="மணமகள் இல்லம்", பிரதி=500, உறவினர்=நன்)

(இந்த ஒரு வரியில் மட்டும் நன் என்பதை பைத்தானின் None என்ற சொல்லாக மாற்றி அடியுங்கள்.) நட்சத்திரத்துக்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும், 2008-ல் வந்த 3.0-விலிருந்தே இந்த வசதி இருக்கிறது. நட்சத்திரத்துக்குப் பின்னால் டிஃபால்ட் உள்ளதும் இல்லாததும் எந்த வரிசையில் வந்தாலும் எரர் கிடையாது என்பது கூடுதல் லாபம். மணமகனும் மணமகளும் இரண்டுமே வெறும் எழுத்துச் சரங்கள், இடம் மாற்றிக் கொடுத்தால் உலகத்தில் எந்தக் கம்பைலரும் கண்டுபிடிக்காது, பெயர் சொல்லிக் கொடுத்தால் எந்த வரிசையில் கொடுத்தாலும் சரியாகப் போய்ச் சேரும்.

உங்கள் வரியில் மூன்றாவது மதிப்புக்கும் பெயர் போட்டுவிடுங்கள், ஓடிவிடும். அந்த ஃபங்ஷன் நீங்களே எழுதியது என்றால் நட்சத்திரத்தையும் போட்டுப் பாருங்கள். பழைய அழைப்புகள் எல்லாம் "டேக்ஸ் 0 பொசிஷனல் ஆர்கியுமென்ட்ஸ்" என்று வரிசையாக விழும். எனக்குப் பதினேழு இடத்தில் விழுந்தது, அதில் இரண்டில் நாளும் மண்டபமும் இடம் மாறிக் கிடந்தன.