சனிக்கிழமை யாருடையது?

வணக்கம். நானும் கணவரும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. எட்டு வயது மகன் என்னோடு இருக்கிறான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறும், புதன்கிழமை மாலைகளும் அப்பாவுடன் என்று பேசி வைத்திருந்தோம். இப்போது அவருக்கு ஷிப்ட் வேலை. வெள்ளிக்கிழமை இரவு "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் அனுப்பு" என்று செய்தி வரும். மறுத்தால் "பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறாய்" என்கிறார். போதாததற்கு, சரிபாதி நாட்கள் வேண்டும் என்றும் கேட்கிறார். எதைப் பேசினாலும் பழைய சண்டையில் போய் முடிகிறது. விட்டுக்கொடுப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை இரவுச் செய்தி ஒரு பிரச்சினை, சரிபாதி கேட்பது வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒரே பேச்சில் எடுக்காதீர்கள். முதலாவது இந்த மாதமே தீரக்கூடியது.

எந்த நாள் யாருக்கு என்று முடிவு செய்தீர்கள். அந்த நாளை மாற்ற வேண்டி வந்தால் எப்படி மாற்றுவது என்று முடிவு செய்யவில்லை. அதனால் ஒவ்வொரு மாற்றமும் "நீ நல்ல அம்மாவா, நான் நல்ல அப்பாவா" என்ற வழக்காக மாறிவிடுகிறது. வேலை நேரம் மாறுவது அவர் குற்றமில்லை. கடைசி நிமிடத்தில் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். இதற்கு நல்ல மனசு மட்டும் போதாது, விதி வேண்டும்.

அவருடைய ஷிப்ட் பட்டியல் கைக்கு வந்ததும் இரண்டு நாளுக்குள் உங்களுக்கு அனுப்பட்டும். அதை வைத்து அந்த மாதத் தேதிகளை இருவரும் குறித்துவிடுங்கள். அதற்குப் பிறகு நாள் மாற்ற வேண்டுமென்றால் மூன்று நாள் முன்பே கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பழைய தேதியே நிற்கும். தவறிய நாளுக்கு ஈடாக இன்னொரு நாள் உண்டு, ஆனால் இரண்டு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல், அவசரம் என்றால் இதெல்லாம் பொருந்தாது. பள்ளி விடுமுறைகளை வருடத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். எழுத்தில் வையுங்கள், இருவருக்கும் தெரிகிற ஒரே காலண்டரில் குறியுங்கள். முக்கியமாக, இந்த விதி உங்களையும் கட்டுப்படுத்த வேண்டும். அப்போதுதான் அவர் ஒப்புக்கொள்வார்.

இனி சரிபாதி. அதற்குப் பல வடிவங்கள் உண்டு. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்பது ஒன்று. 2-2-3 என்பது இன்னொன்று. முதல் வாரம் இரண்டு நாள் ஒருவரிடம், இரண்டு நாள் மற்றவரிடம், மீண்டும் மூன்று நாள் முதலாமவரிடம் இருக்கும் பிள்ளைக்கு, அடுத்த வாரம் அது தலைகீழாக மாறும். 14 நாளில் ஆளுக்கு ஏழு. 2-2-5-5 முறையில் ஒவ்வொருவருக்கும் வாரநாட்களில் நிலையாக இரண்டு நாள் உண்டு, வெள்ளி முதல் ஞாயிறு வரையான வார இறுதி மட்டும் மாறி மாறி வரும். கிழமை நிலையாக இருப்பதுதான் அதன் பலம். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கு அது ஒத்துவராது.

எனவே எத்தனை நாள் என்று தொடங்காமல், அந்த நாட்களில் நடப்பதைக் கேளுங்கள். காலையில் பள்ளிக்கு யார் அனுப்புவது? இரவு ஷிப்ட் வந்தால் பையன் யாரோடு தூங்குவான்? ஒருவரால் இரவு கூட இருக்க முடியாவிட்டால், வெளியாளைக் கேட்கும் முன் மற்றவரைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் தங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கிறார்கள். உங்களுக்கும் அது உதவும். பதில்கள் திருப்தியாக இருந்தால் முதலில் ஓர் இரவைக் கூட்டி, மூன்று மாதம் பார்த்துவிட்டு மீண்டும் பேசுங்கள். அதையும் மறுத்தால், அப்புறம் பிள்ளையைப் பிரிக்கிறீர்கள் என்று அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கும்.

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, பிரிந்த பெற்றோர் இருவருடனும் தொடர்ந்து பழகுவது குழந்தையின் உரிமை என்கிறது. அந்த உரிமைக்குக் குழந்தையின் நலன் மட்டுமே எல்லை. நாட்கள் உங்கள் இருவரின் சொத்து என்று நினைக்கும்போது இது மறந்துபோகிறது. 12ஆவது பிரிவு குழந்தையின் கருத்துக்கு இடம் தரச் சொல்கிறது. பையனிடம் எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். "யாரிடம் இருக்க ஆசை?" என்று மட்டும் இருவருமே கேட்க வேண்டாம். செய்தி சொல்லும் தூதனாகவும் அவனை ஆக்க வேண்டாம்.

இருவராலும் பேச முடியவில்லை என்றால், கோர்ட்டுக்கு முன் ஒரு மத்தியஸ்தரிடம் போங்கள். அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார், பேச்சு பழைய சண்டைக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வார். ஏற்கனவே நீதிமன்ற உத்தரவு இருந்தால், வாய்ப்பேச்சால் அது மாறிவிடாது. புதிய ஏற்பாட்டை முறைப்படி பதிவு செய்வது பற்றி வக்கீலைக் கேளுங்கள். அடி, மிரட்டல், பயம் என்று கடிதத்தில் எழுதாத ஏதாவது இருந்தால் நான் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது நேராகச் சட்ட உதவியை நாடுங்கள்.

இந்த வாரமே அவருக்குச் செய்தி அனுப்புங்கள். பழையது ஒரு வரிகூட வேண்டாம். "உங்கள் அடுத்த மாத ஷிப்ட் பட்டியல் வந்ததும் அனுப்புங்கள். அதைப் பார்த்துத் தேதிகளைக் குறித்துக்கொள்வோம். இரவு தங்குவதைப் பற்றித் தனியாகப் பேசலாம், ஒரு நாள் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். கோபமாகப் பதில் வந்தால், தேதி சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.