ஆலோசகரின் குறிப்பேட்டில் உங்கள் பெயர்

தனியாக ஓர் அறை எடுத்து மனநல ஆலோசனை வழங்குபவர்களும், அப்படியே பணிபுரியும் சமூகப் பணியாளர்களும் இன்று சிறு நகரங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் ஒப்படைக்கும் சொந்தத் தகவல்கள் குறித்து வந்த கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பொருளின் தன்மை கருதி எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன்; அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: குழந்தை பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்துவிட்டுத் தனியாக ஆலோசனை நடத்தும் ஒருவரிடம் போகலாம் என்றிருக்கிறேன். முதல் சந்திப்புக்கு முன்பே இணையப் படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஆதார் நகல், சாதி, மாத வருமானம், கணவரின் அலுவலகம், சாப்பிடும் மருந்துகள், அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் என எல்லாம் கேட்டிருக்கிறது. அத்தனையையும் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மருந்துகளின் பெயரைக் கேட்பதிலும் அவசர எண்ணைக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முன்னது உங்கள் தூக்கமின்மையைப் புரிந்துகொள்ள உதவும். பின்னது, ஒருநாள் நீங்கள் மிகவும் தளர்ந்த நிலையில் அந்த அறையை விட்டுக் கிளம்பினால் யாரை அழைப்பது என்பதற்காக. ஆதார் நகல் ஆலோசனைக்கு எந்த வகையிலும் தேவையில்லை. வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைப்பவராக இருந்தால் வருமானத்தைக் கேட்கலாம். அப்போதும் கட்டணச் சலுகை கேட்பவர் சொன்னால் போதும். சாதியும் கணவரின் அலுவலகமும் உங்கள் துயரத்தோடு தொடர்புடையவையாக இருந்தால், அவற்றை எப்போது பேசுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். படிவத்தில் முன்கூட்டியே எழுதித்தர வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு அனுப்புங்கள். அதற்காக உங்களை ஏற்க மறுக்கும் ஆலோசகரிடம் போகாமல் இருப்பதே நல்லது. (இன்னொன்று: பேறுகாலத்துக்குப் பிறகு வரும் தூக்கமின்மையைப் பிரசவம் பார்த்த மருத்துவரிடமும் தயவுசெய்து சொல்லுங்கள். அதற்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கக்கூடும்.)

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, நீங்கள் தரும் ஒப்புதல், சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே செல்லும். அந்தப் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கான தகவலோடு சேர்த்துக் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, பயனர் இரண்டுக்கும் சம்மதித்தாலும், தொடர்பு எண்கள் சிகிச்சைக்குத் தேவையற்றவை என்பதால் சம்மதம் சிகிச்சைத் தகவலுக்கு மட்டுமே பொருந்தும். தகவல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்ற அறிவிப்பைத் தமிழில் பெறவும் அந்தச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தகவலைக் கையாள்பவரின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. மேலும், இது கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கும் தகவலுக்கான சட்டம். ஆலோசகர் பேனாவால் நோட்டில் எழுதி அலமாரியில் வைத்திருப்பது, அதைப் படமெடுத்தோ தட்டச்சு செய்தோ கணினியில் ஏற்றாத வரை இதற்குள் வராது.

ஆகவே சட்டத்தை மட்டும் நம்பாமல் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். நன்றாகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஓர் அறையைச் சொல்கிறேன். அந்த மூத்த சமூகப் பணியாளரின் நாற்காலிக்குப் பின்னால் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று இருந்தது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது போன்ற நோட்டுகள் வரிசையாக நின்றன. எந்த அட்டையிலும் பெயர் இல்லை, எண் மட்டுமே இருந்தது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அந்த அறையிலேயே கிடையாது. அதை வேறோர் இடத்தில் பூட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு சந்திப்புக்கும் அவர் எழுதுவது நான்கைந்து வரிகள்தாம். மாமியார் என்ன பேசினார், கணவர் என்ன செய்தார் என்ற கதை அதில் இராது. ‘தூக்கம் 3 மணி நேரம், பசி குறைவு, அடுத்த வாரம் வீட்டு உதவி பற்றிப் பேச வேண்டும்’ என்ற அளவோடு நின்றுவிடும். நோட்டு தவறான கையில் சிக்கினாலும் அதிலிருந்து ஒரு குடும்பத்தின் கதையை யாரும் எடுத்துவிட முடியாது.

உங்கள் ஆலோசகரிடம் முதல் நாளே இவற்றைக் கேளுங்கள்: என்ன எழுதி வைப்பீர்கள், எங்கே வைப்பீர்கள், உங்களைத் தவிர யார் பார்ப்பார்கள், எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்கள்? மேற்பார்வைக்காக அனுபவம் மிக்க இன்னொருவரிடம் தம் பணியைப் பற்றிப் பேசுவது இத்துறையில் நல்ல வழக்கம்தான். அங்கே உங்கள் பெயர் சொல்லப்படுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கைப்பேசி பலர் கைக்குப் போகிறதென்றால், நினைவூட்டல் செய்தியில் ‘கவுன்சலிங்’ என்ற சொல் வேண்டாம், ‘நாளை 5 மணி’ என்று மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவையுங்கள். பூட்டிய திரையில்கூடச் செய்தியின் முதல் வரி தெரியும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கேள்வி: ஓர் ஆலோசகரிடம் ஏழு மாதங்கள் சென்றேன். ஒவ்வொரு சந்திப்புக்கும் கட்டணம் செலுத்தினேன். போன மாதம் அவர் தம் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு காணொளி போட்டிருந்தார். என் பெயர் அதில் இல்லை. ஆனால் இரட்டைக் குழந்தைகள், வங்கி வேலை, வெளிநாட்டில் கணவர் என்று என் வாழ்க்கையை அப்படியே சொல்லியிருந்தார். என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணி, இது உங்க கதைதானே?” என்று கேட்டார். சேரும்போது நான் கையெழுத்திட்ட தாளில் ‘கல்வி நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி இருந்ததாக ஆலோசகர் இப்போது சொல்கிறார். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்களுக்கு நேர்ந்தது மிகப் பெரிய காயம், அம்மா. வேறு எங்கும் சொல்ல முடியாததைச் சொல்வதற்காகத்தான் அந்த அறைக்குப் போனீர்கள். பெயர் சொல்லவில்லை என்று அவர் கூறுவது சரியான விடையாகாது. உங்கள் நாத்தனாரே கண்டுகொண்டார் என்றால் அடையாளம் மறைக்கப்படவில்லை என்றுதான் பொருள். கையெழுத்திட்ட வரியும் அவரைக் காப்பாற்றும் என்று நான் நினைக்கவில்லை. மாணவர்களுக்குப் பயிற்சி அறையில் சொல்வதைக் கல்வி என்று ஏற்கலாம்; புதிய வாடிக்கையாளர்களை ஈர்க்கப் பொதுவெளியில் போடும் காணொளியை விளம்பரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு மிக அருகில் இருக்கும் கருவி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 2(47) பிரிவு, நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடும்போது, நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் தந்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்கு உட்பட்டன்றி மற்றவருக்கு வெளியிடுவதையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. தகவல் நோட்டில் இருந்ததா, கணினியில் இருந்ததா என்ற வேறுபாடு இங்கே கிடையாது. கட்டணம் பெற்றுச் செய்யப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்கும் ஆலோசனைக்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக ஆலோசனை தரும் இடம் என்றால் இந்த வழி திறக்காது.

முதலில், காணொளி நீக்கப்படுவதற்கு முன்பே அதைத் தேதியும் இணைப்பும் தெரியும்படி சேமித்து வையுங்கள். கோபத்தில் உடனே தொலைபேசியில் பேசினால் அவர் அதை அழித்துவிடுவார், ஆதாரமும் போய்விடும். அடுத்து, காணொளியை நீக்கவும், உங்களைப் பற்றிய செய்தியை இனி எங்கும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதித் தரவும், இழப்பீடு தரவும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அந்தச் சமூக ஊடகத்தின் குறைதீர் அலுவலருக்கும் புகார் அனுப்பலாம். ஆலோசகர் இறங்கி வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நிகழ்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். ஆலோசகர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஆகவே காணொளி அழைப்பில் ஆலோசனை பெற்றவர்களும் இதைப் பயன்படுத்தலாம். உங்கள் பெயர் வெளியில் தெரியாமல் விசாரிக்க வேண்டும் என்ற வேண்டுகோளை முதல் மனுவிலேயே எழுதுங்கள்.

பணம் கட்டியதற்கான ரசீது இல்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கிலிருந்தோ கைப்பேசிச் செயலியிலிருந்தோ பணம் போன பதிவு போதுமானது. ரசீது தராமல் இருப்பதும் அதே 2(47) பிரிவில் நியாயமற்ற நடைமுறைதான். மனுவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விவாகரத்து வழக்கு நடக்கிறது. நான் ஆலோசகரிடம் பேசியவற்றைத் தரும்படி கணவரின் வழக்கறிஞர் ஆலோசகருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் கொடுத்துவிடுவாரா?

பதில்: வழக்கறிஞரின் கடிதத்துக்காக எந்த ஆலோசகரும் எதையும் கொடுக்கக் கூடாது. இன்றே அவருக்கு, ‘என் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எதையும் பகிர வேண்டாம்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆவது பிரிவில், மனநலம் பற்றிய தகவலின் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, உரிய அதிகாரம் உள்ளவர்களின் ஆணை போன்ற சில சூழல்களை மட்டும் விதிவிலக்காக வைக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரையும் சிகிச்சை தருபவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது சொல்லும் மனநலச் சமூகப் பணியாளருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் மனநலச் சமூகப் பணியில் எம்.ஃபில். வேண்டும். குடும்பச் சிக்கலைப் பேசத் தனி ஆலோசகரிடம் போனவருக்கு அது முழுமையாகப் பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது.

நீதிமன்றமே ஆணையிட்டால் நிலைமை மாறும். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பை ஆலோசகருக்கு அது தரவில்லை. அப்படி ஆணை வந்தால், கேட்கப்பட்டதை மட்டும், மூடிய உறையில் தர அனுமதி கோரும்படி ஆலோசகரிடம் உங்கள் வழக்கறிஞர் பேச வேண்டும். நீங்களும் கணவரும் சேர்ந்து சென்ற சந்திப்புகள் ஏதேனும் இருந்தால், அந்தக் குறிப்புகள் இருவருக்கும் பொதுவானவை என்று கணவர் வாதிடக்கூடும். அவை தனி நோட்டில் இருக்கின்றனவா என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஆலோசகருக்கு வாரம்தோறும் பணம் கட்டுவது நான். அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்டால், ‘அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்கிறார். இது சரியா, ஐயா?

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆலோசகர் செய்வது சரிதான். 18 வயது ஆகாதவர் என்பதால் சிகிச்சைக்கான சம்மதம் பெற்றோரிடமிருந்து வர வேண்டும். அதற்காக அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்கு வந்துசேர வேண்டும் என்பதில்லை. அம்மாவுக்குப் போகும் என்று தெரிந்த மறுவாரமே அவள் வாயை மூடிக்கொள்வாள், நீங்கள் கட்டும் பணமும் வீணாகும். ஆலோசகர், நீங்கள், மகள் மூவரும் ஒருமுறை உட்கார்ந்து, உங்களுக்கு எது தெரிவிக்கப்படும் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், உயிருக்கு ஆபத்து ஆகியவை அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் ஆலோசகருக்கு வேறு வழியே கிடையாது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவின் கீழ், காவல் துறைக்குத் தெரிவிப்பதை அனைவருக்கும் கடமையாக்குகிறது. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. இதை முதல் நாளே மகளிடம் சொல்லிவிடும் ஆலோசகர்தான் நேர்மையானவர்.

கேள்வி: ஆலோசனையை நிறுத்திவிட்டேன். என் குறிப்புகளை அழிக்கச் சொல்லலாமா? அவர் தொழிலை விட்டுவிட்டால் அவை என்ன ஆகும்?

பதில்: கேட்கலாம். ஆனால் உடனே அழிப்பதை நானே பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் உங்களுக்கே ஒரு புகார் எழுந்தால் அந்த நோட்டுதான் சான்று. நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவதற்கான இரண்டாண்டு காலக்கெடு முடியும் வரையாவது இருக்கட்டும். காணொளி அழைப்புப் பதிவுகள், கைப்பேசியிலுள்ள குரல் செய்திகள், படிவத்தின் நகல் ஆகியவற்றை மட்டும் உடனே நீக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான தனி ஆலோசகர்களிடம் விடை இருப்பதில்லை, அதுவே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஒருவரே நடத்தும் இடத்தில் அவர் நோயில் விழுந்தாலோ இறந்துபோனாலோ, பீரோவைத் திறப்பவர் அவர் வீட்டாராகத்தான் இருப்பார். அதே தொழிலில் உள்ள ஒருவரைப் பொறுப்பாளராக எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஒருவரை நியமித்து அவர் பெயரை உங்களுக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.