விலங்கு நலப் பிரசாரம் என்றால் என்ன? அது ஏன் தேவைப்படுகிறது?

மனிதரின் பிடியில் அல்லது மனிதரின் செயலால் அவதிப்படும் விலங்குகளின் வாழ்நிலையை மேம்படுத்தச் சட்டத்தையும் வணிகத்தையும் பழக்கத்தையும் மாற்றக் கோருவதே விலங்கு நலப் பிரசாரம். வீட்டு நாய், பண்ணைக் கோழி, கண்ணியில் சிக்கும் காட்டு விலங்கு எல்லாமே இதில் அடங்கும்.

காரணம் எளிது. விலங்குக்கு வலி, பயம், சலிப்பு உண்டு. புகார் மனு எழுத மட்டும் தெரியாது. செலவைக் குறைக்கும் போட்டியில் முதலில் பறிபோவது அதன் இடமும் வசதியும்தான்.

பண்ணைக் கோழியையே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய விதிப்படி, கம்பிக் கூண்டில் ஒரு முட்டைக் கோழிக்குக் கிடைத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. நெரிசலான பஸ்ஸில் நிற்பதைப் போன்றதுதான், ஆனால் இறங்கும் நிறுத்தமே வராது. பிரிட்டனில் அரசு அமைத்த பிராம்பெல் ஆய்வுக் குழு 1965இலேயே பண்ணை விலங்குக்கு எழ, படுக்க, திரும்ப, உடலைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது. கேட்கவே கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சிறிய கோரிக்கை! இருந்தும் அந்தக் கூண்டுகளுக்கு ஒன்றியம் முழுவதும் தடை நடைமுறைக்கு வந்தது 2012இல்தான்.

வீட்டு விலங்குகளுக்குத் தடுப்பூசி, கருத்தடை, சங்கிலிக் கட்டிலிருந்து விடுதலை; காட்டு விலங்குகளுக்குக் கண்ணித் தடை, வாழிடப் பாதுகாப்பு எனக் கோரிக்கைகள் மாறும்.

இதை ‘எல்லோரும் இறைச்சியை விட வேண்டும்’ என்ற இயக்கமாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கோருபவர்களும் உண்டு, ஆனால் இறைச்சி உண்பவரும் கூண்டை எதிர்க்கலாம்.