பேசுற பொம்மைய மகளுக்குக் குடுக்கலாமா?

கடிதம்:

அன்பின் அக்கா, வணக்கம். நான் இப்ப இருக்கிறது வத்தளையில, பொறந்து வளந்தது பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டம். அம்மாவுக்கு 7 பேர்ச் காணியில தனி வீடு கிடைச்சதால லயத்து காம்பிராவ காலி பண்ணப் போனோம். றங்குப்பெட்டிக்கு அடியில, பழைய சீலைக்குள்ள சுத்தி வச்ச மாதிரியே என்னோட பேசுற பொம்மை! 1988ல சித்தி குவைத்துல இருந்து லீவுல வந்தப்ப கொண்டு வந்தது. துணி உடம்பு, முதுகுல ஒரு வளையம், இழுத்து விட்டா இங்கிலிஷ்ல பேசும். இப்ப இழுத்தா கர்ர்னு ஒரு சத்தம் மட்டும்தான், நூலும் உள்ள போகுது இல்ல. சித்தி இப்ப உயிரோட இல்ல. அண்ணன் புது வீட்டு ஷோகேஸ்ல வைப்போம்ங்கிறாரு. என் மகளுக்கு 6 வயசு, விளையாடத் தான்னு ஒரே அழுகை, எனக்கு மனசு வரல. இத ரிப்பேர் பண்ணலாமா? போட்டோ அனுப்பியிருக்கேன். பேர் போட வேணாம்.

பதில்:

அன்பு தங்கச்சி,

குடுத்துருங்க. மிச்சத்த பொறுமையா சொல்றேன்.

போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். சட்டையில கறை இல்ல, முடி கலையல, கால்ல சப்பாத்து ரெண்டும் பத்திரமா இருக்கு. லயத்துப் பிள்ளைங்க கையில புழங்கின எந்தப் பொம்மைக்கு ரெண்டு சப்பாத்தும் மிஞ்சியிருக்கு சொல்லுங்க? ஒங்கள அத வச்சி விளையாட விடல, அதான் இவ்வளவு காலம் தப்பிச்சிருக்கு. எங்க லயத்துல தொங்கல் வீட்டு அக்கா சவூதியில இருந்து ஒண்ணு அனுப்பியிருந்திச்சி, அந்த வீட்டு ஆயா அத பொலித்தீனக் கூட கழட்டாம கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்சிருந்தாங்க, தீவாளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளிய எடுத்து அவங்களே நூல இழுப்பாங்க, நாங்க வாசல்ல வரிசையா குந்திக்கிட்டு பேசி முடியிற வரைக்கும் மூச்சு விடாம கேப்போம், தொட்டா அடி. அவங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன். மகள் சம்பளத்துல வீட்டுக்கு வந்த சாமான், கை தவறி ஒடஞ்சி போனா இன்னொண்ணு வாங்க முடியாது. ஆனா ஒங்களுக்கு இப்ப அந்த நெலம இல்லையே.

சரி, ரிப்பேர். பெட்டரி இல்லாம எப்படிப் பேசுதுன்னு தெரிஞ்சா பயம் போயிரும். நூல இழுக்கும்போது உள்ள ஒரு ஸ்பிரிங் முறுகும், விட்டதும் அது பிரிஞ்சி ஒரு சின்ன இசைத்தட்ட சுத்தும், ஊசி அதுல ஓடும், ஊசியோட அதிர்வு ஒரு கூம்புல பட்டு சத்தமா வெளிய வரும், அவ்வளவுதான், கரண்டே கிடையாது. 1960 வாக்குல அமெரிக்காவுல மட்டெல் கம்பனி வித்த ‘சாட்டி கேத்தி’ங்கிற பொம்மைதான் இந்த நூல் பொம்மையில பெரிய பேர் எடுத்தது. மொதல்ல அதுக்கு 11 வசனம், ஒவ்வொண்ணுக்கும் தட்டுல தனித்தனி வரி, ஊசி எந்த வரியில போய் விழுதோ அதத்தான் சொல்லும், அதனால அடுத்து என்ன பேசும்னு யாருக்கும் தெரியாது. அந்தச் சின்னப்பிள்ளை குரலக் குடுத்த ஜூன் ஃபோரேக்கு அப்ப வயசு நாப்பது தாண்டியிருச்சி! ஒங்க பொம்மையும் இந்த ஜாதிதான்னு தோணுது.

மகளுக்குத் தெரியாம ராத்திரியில முதுகுத் தையல பிளேடால மெதுவா பிரிங்க. உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். ஸ்குரூ போட்டிருந்தா கழட்டுங்க, பசை போட்டு ஒட்டியிருந்தா நெம்ப வேணாம், பழைய ரேடியோ, கெசட் ரிப்பேர் பண்றவர் ஹட்டன்லயோ கொழும்புலயோ இருப்பார், அவர்கிட்ட கொண்டு போங்க. நூல் உள்ள போகலன்னா ஒண்ணு ஸ்பிரிங் விட்டிருக்கும், இல்ல நம்ம மலைப்பக்கத்து ஈரத்துக்கு துரு புடிச்சிருக்கும். தட்ட சுத்துற ரப்பர் பெல்ட் இருந்தா அதுவும் இத்தன வருசத்துக்கு பிசினா உருகியிருக்கும், கெசட் பெல்ட்ல பொருந்துறது ஒண்ணு பாத்துப் போடலாம். ஆசைப்பட்டு தையல் மெஷின் எண்ணெய மட்டும் ஊத்திராதீங்க, பெல்ட்ல பட்டா வழுக்கும், அப்புறம் தட்டு சுத்தாது.

பேச ஆரம்பிச்சதும் மொத வேலையா ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணிருங்க. ஊசி ஓட ஓட வரி தேயும், அது உண்மை. 1890ல எடிசன் மெழுகு உருளை வச்சி ஒரு பேசுற பொம்மை செஞ்சார், அந்த மெழுகு சீக்கிரமே தேஞ்சி சத்தம் கெட்டுப் போச்சி, சில வாரத்துலயே விக்கிறத நிப்பாட்டிட்டாங்க. மிஞ்சின பொம்மைங்கள ஊசி வச்சிக் கேக்க பயந்து பொத்தி வச்சிருந்தாங்க, நூறு வருசத்துக்கும் மேல கழிச்சி அமெரிக்காவுல வெளிச்சத்த வச்சி அந்த வரிய படம் புடிச்சித்தான் குரல எடுத்தாங்க. ஒங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்ல, ஒங்க வீட்டு ஃபோன் போதும், அது முடிஞ்சதும் நூல மகள் கையில குடுத்துருங்க.

சித்திய நெனச்சாத்தான் மனசு வரலன்னு தெரியுது. யோசிச்சுப் பாருங்க, குவைத்துல அந்த வீட்டுப் பிள்ளைங்கள குளிப்பாட்டி சோறு ஊட்டுறது அவங்க வேலை, அந்தப் பிள்ளைங்க இந்த மாதிரி பொம்மைய தரையில இழுத்துக்கிட்டு ஓடுறதயும் தலைகீழா தூக்கிப் போடுறதயும் பாத்திருப்பாங்க, அதப் பாத்துத்தான் நம்ம அக்கா மகளும் இப்படி விளையாடணும்னு வாங்கியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. 1990 ஆகஸ்ட்ல ஈராக் குவைத்துக்குள்ள வந்ததும் ஜோர்தான் வழியா, உடுத்தின துணியோட வந்து சேந்தவங்க நம்ம தோட்டங்கள்லயும் இருந்தாங்க. ஒங்க சித்தி எப்ப வந்தாங்கன்னு நீங்க எழுதல, முடிஞ்சா எழுதுங்க.

அண்ணன்கிட்ட ஷோகேஸ்ல சித்தி போட்டோவ வைக்கச் சொல்லுங்க. சப்பாத்து ஒண்ணு இந்த வருசத்துக்குள்ள தொலையும், மகள ஏசாதீங்க.

அன்புடன்,
அக்கா